உரியும் சுவருக்கு மேல்பூச்சு எதற்கு?



பொங்கலுக்குள் முடிய வேண்டும் என்று, உரிகிற பெயிண்ட் மேலேயே இன்னொரு கோட் அடிக்கச் சொல்கிறீர்கள். ஆறே மாதத்தில் மறுபடி உரிந்தால் பெயிண்டரைத் திட்டுகிறீர்கள். தப்பு அவர் மேல் இல்லை. அடிக்கோட் பிடிப்பு விட்டால் மேல்கோட்டும் கூடவே வரும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: மொட்டைமாடி விரிசலா, குளியலறைக் குழாயா? அதை அடைத்து, சுவரை நன்றாகக் காயவிடுங்கள். பிறகு சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, தூசி துடைத்து, மெல்லிசாக இரண்டு முறை பட்டி வைத்து, பிரைமர் அடித்து, கடைசியில்தான் பெயிண்ட்.

பழைய வீடு என்றால் இன்னொன்று. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் கூடாது என்ற விதி 2016-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்க்காதீர்கள், தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். முகக்கவசம் போடுங்கள். பேரப்பிள்ளைகளை அந்த அறைப்பக்கம் விடாதீர்கள்.

"இதெல்லாம் நம்ம வேலையா சார்?" என்கிறீர்கள். இரண்டடி சுவர்தானே, செய்து பாருங்கள். "படிக்கலேன்னா பெயிண்ட் அடிக்கத்தான் போவே" என்று வகுப்பில் திட்டியவன் நான். அது என் பிழை. போன வாரம் என் அறைச் சுவரை நானே சரிசெய்தபோதுதான், அந்த வேலைக்கு எவ்வளவு பொறுமையும் அறிவும் வேண்டும் என்று புரிந்தது. அன்று நான் திட்டிய பிள்ளைகள் மன்னியுங்கள்.