அநியாயமும் 'அன்ஃபேர்லி'யும்

நம்ம ஆட்கள் ஆங்கிலத்தில் புகார்க் கடிதம் எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே 'அன்ஃபேர்லி' வந்துவிடும். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியாச்சு, எனக்கு வாய் இன்னும் பழகவில்லை) வங்கி கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இந்தச் சொல்லை எத்தனை கடிதத்தில் பார்த்திருப்பேன்! 'அநியாயமாக' என்பதற்கு இதுதான் ஆங்கிலம் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் வம்பு.

நம்ம அநியாயம் ரொம்பப் பெரிசுங்க. 2004 டிசம்பர் 26 சுனாமியில் போனவர்களை 'அநியாயமா போயிட்டாங்க' என்கிறோம். 'அநியாயத்துக்கு நல்லவன்' என்று பாராட்டவும் செய்கிறோம் :-) ஆங்கிலச் சொல்லுக்கு இவ்வளவு இடம் கிடையாது. நடத்தியவர் ஒருத்தர் வேண்டும், மீறிய முறை ஒன்று வேண்டும். கடல் யாரையும் அன்ஃபேர்லி நடத்தாது.

ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தில் முதல் உரிமையே இதைப் பற்றியதுதான். பாலினம், வயது, மதம், சாதி, உடல் திறன் இவற்றைக் காரணமாக வைத்துப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. ஆக, மற்றவருக்குக் கொடுத்ததை எனக்கு ஏன் மறுத்தாய் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. லோன் கிடைக்கவில்லை, அதனால் அன்ஃபேர்லி என்று மட்டும் எழுதினால், 'விதிமுறைப்படி பரிசீலிக்கப்பட்டது' என்று ஒரு வரியில் பதில் போட்டு ஃபைலை மூடிவிடலாம். (இதை நான் வெளியில் சொல்லக்கூடாது!) 'தகுதி எல்லாம் இருந்தும் என் வயதைச் சொல்லி மறுத்தார்கள்' என்று எழுதிப் பாருங்கள், அப்படி மூட முடியாது.

செக் விஷயம் வேறு. கணக்கில் போதுமான பணம் இருந்து, செக்கும் ஒழுங்காக இருந்து, வங்கி அதைத் திருப்பி அனுப்பினால் அது 'ராங்ஃபுல்லி'. 1881-ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம், 31-ஆம் பிரிவுப்படி வங்கி உங்களுக்கு நஷ்டஈடு தரவேண்டும். உரிமையோடு கேட்கவேண்டிய இந்த இடத்தில் போய் அன்ஃபேர்லி என்று எழுதினால் அது வெறும் மனத்தாங்கலாகத்தான் படிக்கப்படும். பி.காமில் இந்தச் சட்டத்தை மனப்பாடம் செய்தவர்களே இப்படி எழுதுகிறார்கள் என்பதுதான் கொடுமை.

இங்கே ஆபீஸ் பாஷை ஹிந்தியும் ஆங்கிலமும். நேரில் நாலு வார்த்தை பேசிப் புரியவைக்கும் வசதி எல்லோருக்கும் இல்லை, காகிதம்தான் பேசவேண்டும். அதனால் தேதி, தொகை, சொல்லப்பட்ட காரணம், அது எந்த விதிக்கு மாறானது, இவ்வளவும் எழுதிவிட்டு, அப்புறம் வேண்டுமானால் அன்ஃபேர்லி போடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அவரும் சேவையில் என்ன குறைபாடு என்றுதான் பார்ப்பார்.