படி எடுக்கும்போது எது விடுபடுகிறது?

கொடும்பாளூர் மூவர் கோயிலில் பூதி விக்ரமகேசரி எழுப்பியவை மூன்று விமானங்கள். தமக்கொன்று, தேவியர் கற்றளிக்கும் வரகுணைக்கும் ஒவ்வொன்று. இன்று நிற்பவை இரண்டு. மூன்றும் யாருக்காக என்பதை அங்குள்ள கிரந்தக் கல்வெட்டால்தான் அறிகிறோம். கல்வெட்டை மைப்படி எடுத்தால் எழுத்து வந்துவிடும். அது எந்தச் சுவரில் இருக்கிறது என்பது வராது. அதைத் தனியே குறித்துவைக்க வேண்டும்.

அந்தக் கவனம் தரவுத்தளத்தில் அட்டவணையைப் படியெடுப்பவர்களிடம் குறைவு. மைஎஸ்க்யூஎல்லில் ‘கிரியேட் டேபிள்’ உடன் ‘செலக்ட்’ சேர்த்தால் தரவு முழுதும் வரும். பிரைமரி கீயும் இண்டெக்ஸ்களும் வராது. ‘லைக்’ போட்டால் அவை வரும், தரவு வராது. மற்ற அட்டவணைகளோடு பிணைக்கும் ஃபாரின் கீயும் வராது. வரிகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறது என்று பழையதை அழித்துவிடுவது பெரும்பிழை. பெயர் மாற்றத்திலும் இதே ஆபத்து உண்டு. ‘ரீநேம் டேபிள்’ நொடியில் முடிந்துவிடும். ஆனால் பழைய பெயரை நம்பியிருந்த வியூக்கள் மறுநாள் காலை பிழை காட்டும். போஸ்ட்கிரஸில் வியூக்கள் புதுப் பெயரைத் தாமே பின்தொடரும். ஆனால் நிரலுக்குள் நாம் எழுதிய பழைய பெயர் அங்கும் அப்படியேதான் இருக்கும். புதியது எல்லா இடத்திலும் ஓடிக் காட்டும்வரை பழைய அட்டவணையை வேறு பெயரில் வைத்திருங்கள், அழிக்காதீர்கள்.