உயிரோடிருக்கையில் ஒரு சொல்

சென்ற வாரம் வகுப்பிலே புறநானூறு நடத்திக்கொண்டிருந்தோம். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகிலும் புண்பட்டமைக்கு நாணி வடக்கிருந்து உயிர் துறந்த வரலாற்றை உணர்ச்சியோடு சொல்லி முடித்தோம். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, அந்த மன்னனோடு அப்போது ஒருவருமே பேசிப் பார்க்கவில்லையா?" என்று கேட்டாள்.

கழாத்தலையார் பாடியதை அறிவோம். வெண்ணிக்குயத்தியார் பாடியதையும் அறிவோம். இவ்வினாவுக்கு மட்டும் விடை அறியோம்.

மாங்குளத்திலே இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் ஓய்ந்தது. அதன்பின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் அரசின் புனர்வாழ்வு நிலையங்களுக்குச் சென்று வீடு திரும்பினர். வீடு திரும்பினர் என்று எழுதுவது எளிது. அவர்களுட் பலருக்கு வீடும் இருக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. உடலுக்குள் எறிகணைச் சிதறல். வாசலிலே விசாரிக்க வருவோர். வேலிக்கு அப்பால் ஐயுறவோடு நோக்கும் அயலவர். அவர்களுள் சிலர் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்ட செய்தி இடையிடையே வருகிறது. "குடும்பப் பிணக்கு", "கடன் தொல்லை" என்று ஊர் ஒரு சொல்லிலே கணக்கை மூடிவிடுகிறது. ஓர் உயிர் ஒரே காரணத்தால் போவதில்லை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இது வன்னிக்கு மட்டும் உரிய துயரமா? அன்று. செல்வமும் வைத்திய வசதியும் மிக்க அமெரிக்காவிலே 2022ஆம் ஆண்டில் மட்டும் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலையால் இறந்தனர். நம் நாட்டின் தெற்கிலும், காலிழந்து ஊர் திரும்பி, உறக்கமின்றித் தவிக்கும் சிப்பாய்கள் உண்டு. எந்தக் கொடியின் கீழ் நின்றாய் என்று மனப்புண் கேட்பதில்லை.

கொடுங்கனவு, உறக்கமின்மை, சிறு ஓசைக்கும் திடுக்குறுதல் ஆகிய இவை கோழைத்தனம் அல்ல; நோயின் அறிகுறிகள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் இதனைத் தன் நோய்ப் பட்டியலிலே சேர்த்தது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் மேலும் ஒன்றைச் சுட்டினார். போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் காயப்படுத்துகிறது என்பதே அது. ஆகவே ஆறுதலும் ஊரிலிருந்தே தொடங்க வேண்டும்.

விதி என்று கைகட்டி இருத்தல் தகாது. 1995ஆம் ஆண்டில் இலங்கையிலே இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். பின்னர் அவ்வெண் மூன்றில் ஒரு பங்களவாகக் குறைந்தது. தடுக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

"நான் எல்லோருக்கும் பாரம்" என்று ஒருவர் சொன்னால் அதைக் கேளாதவர்போல் கடந்து செல்லாதீர்கள். பேணிய பொருளைப் பிறர்க்குக் கொடுத்துவிடுதல், ஒதுங்கியிருத்தல், குடி மிகுதல் இவற்றைக் கண்டால் அருகிலே அமருங்கள். "சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் பிறக்கும் என்பது தவறு. நெஞ்சின் சுமை இறங்கவே அது வழிசெய்யும். அவரைத் தனியே விடாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலே இரவும் பகலும் உதவி கேட்கலாம். தற்கொலை முயற்சி 1998 முதல் நம் நாட்டில் குற்றமன்று. ஆகவே அஞ்ச வேண்டா. நம் மாங்குளத்திலே முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்கென 'உயிரிழை' என்னும் அமைப்பு உண்டு. எத்துணைப் பொருத்தமான பெயர்! ஓர் இழை போதும், ஓர் உயிரைப் பிடித்து நிறுத்த.

பாரதப்போரிலே வென்ற தருமனும் உற்றாரைக் கொன்ற துயரால் துவண்டான். அரசே வேண்டா என்றான். தம்பியரும் திரௌபதியும் கண்ணனும் முனிவரும் அவனோடு சலியாது பேசினர். அம்புப்படுக்கையில் கிடந்த வீடுமரும் பேசினார். அப்பேச்சே சாந்தி பருவம். அவ்விதிகாசத்தின் மிக நீண்ட பருவம் அதுவே.

நாளை அம்மாணவிக்கு இதைச் சொல்லுவோம். சேரமானுக்குப் பாட்டுக் கிடைத்தது. தருமனுக்குப் பேச்சுத் துணை கிடைத்தது. நம் அயலில் வாழ்பவருக்கு எது கிடைக்கும் என்பது நம் கையிலே உள்ளது. இன்று மாலையே அவர் வீட்டுப் படலையைத் திறந்து சென்று, "தம்பி, சாப்பிட்டாயா?" என்று கேட்போமாக.