ஏரியலுக்கு வேண்டியது அளவுநாடா

வானொலியிற் பேசும் கருவியைப் பணங்கொடுத்தே வாங்க வேண்டும். அதற்குரிய ஏரியலையோ செப்புக் கம்பியும் அளவுநாடாவும் கொண்டு வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளலாம். கடை ஏரியலின் விலையைக் கேட்டு மலைத்து நிற்கும் மாணவ நேயர்கள் இதனை மனங்கொள்வார்களாக. பொழுதுபோக்கு வானொலியாளன் ஒருவன் தன் கையாற் செய்யும் ஏரியல், கணக்குத் தவறாதவிடத்து, கடைச்சரக்குக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

இது வெறும் விளையாட்டென்று பெற்றோர் எண்ணலாகாது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்த அதே காலையில் அந்தமான் தீவுகளும் அழிந்தன. பாரதி பிரசாத் என்னும் இந்தியப் பெண்மணி, அத்தீவுகளிலிருந்து உலக வானொலி அன்பர்களுடன் பேசும் பொருட்டு அம்மாதம் போட் பிளேயருக்கு ஒரு குழுவுடன் சென்றிருந்தார். தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது, பொழுதுபோக்குக்கென வைத்த அந்த நிலையம் தீவுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் இடையே செய்திகளைச் சுமந்தது. உறவினர் உயிருடன் உளரோ எனத் தவித்தோர் பலருக்கு அதுவே விடை கூறிற்று.

ஒரே அலைவரிசை எல்லா நேரத்துக்கும் உதவாது. பகலில் 14 மெகாஹேர்ட்ஸ் நெடுந்தூரம் செல்லும். இருட்டிய பின் 7 மெகாஹேர்ட்ஸ் கைகொடுக்கும். இரண்டுக்கும் இரண்டு ஏரியல்களைக் கட்ட எல்லோருடைய வளவிலும் இடமில்லை. ஆகவே நாம் இங்கு எடுத்துக்கொள்வது, ஒரே நடுவிடத்திலிருந்து இரு சோடிக் கம்பிகள் பிரியும் ஏரியலாகும்.

கணக்கு எளிது. 300ஐ மீடிறனால் வகுத்தால் அலைநீளம் மீற்றரிற் கிடைக்கும். நமக்கு வேண்டியது அதிற் பாதி. கம்பியின் முனைகளில் ஏற்படும் விளைவால் அதிலும் நூற்றுக்கு ஐந்தளவு குறையும். சுருங்கச் சொன்னால் 143ஐ மீடிறனால் வகுத்தாற் போதும். 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு 20.14 மீற்றர், 14.2க்கு 10.07 மீற்றர். ஒவ்வொன்றையும் நடுவே இரண்டாக்கி, இடப்புறப் பாதிகள் இரண்டையும் கோஅக்சியல் கேபிளின் உள்கம்பியுடனும், வலப்புறப் பாதிகளை அதன் பின்னல் உறையுடனும் பற்றவைக்க வேண்டும்.

இரண்டு சோடிகளும் ஒன்றையொன்று குழப்பாவோ எனக் கேட்கலாம். நீர் பள்ளத்தை நாடுவது போல மின்னோட்டம் எளிய வழியை நாடும். 14 மெகாஹேர்ட்ஸில் நீண்ட சோடி பெருந்தடையாக நிற்பதால் மின்னோட்டம் குறுஞ்சோடியிற் பாயும். 7இல் நிலைமை மாறும். எனினும் சோடிகள் மிக நெருங்கினால் ஒன்றின் பரிவு மற்றதைத் தாக்கும். பீ.வீ.சீ. குழாய்த் துண்டுகளை இடையிட்டு அவற்றை 15 சதமமீற்றராயினும் விலக்கி வைக்க வேண்டும். இன்னொரு பேறும் உண்டு: நீண்ட சோடி மூன்று அரையலையாக 21 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்குச் சற்று மேலே பரிவுறும். ரியூனர் உடையோர் அதனையும் பயன்படுத்தலாம்.

ஒரே சோடியாற் பல அலைவரிசைகளை ஆளும் வழியும் இல்லாமலில்லை. ஆங்கிலேயரான லூயி வார்ணி 1946ஆம் ஆண்டில் வகுத்த 102 அடி ஏரியல், ஜி5ஆர்வி என்னும் அவரது அழைப்புக்குறியாலேயே இன்றும் வழங்குகிறது. அவர் அதனை 14 மெகாஹேர்ட்ஸுக்கு மூன்று அரையலையாகக் கணித்தார். ஏனைய அலைவரிசைகள் பெரும்பாலானவற்றுக்கு ரியூனர் வேண்டும். சர்வரோக சூரணம் போல அதனைப் புகழ்வோர் இதை மட்டும் சொல்லாது விடுவர்!

இனி, கையை நிதானமாக வைக்க வேண்டிய இடம் வருகிறது. கம்பியை முதலில் நீளமாகவே வெட்டுக. வெட்டிய கம்பி வளராது. நீண்ட சோடி 20.6 மீற்றர் இருக்கட்டும். காவலியிற் சுற்றிக் கட்டும் முனை இதற்குப் புறம்பு. ஏற்றிவிட்டு, நிலையலை விகிதம் எந்த மீடிறனில் மிகக் குறைகிறதென மானியிற் பார்க்க வேண்டும். 6.95இற் குறைந்தால், 20.6ஐ 6.95ஆற் பெருக்கி 7.1ஆல் வகுக்க 20.16 வரும். ஆகவே பக்கத்துக்கு 22 சதமமீற்றர் குறைக்க வேண்டும். உடனே வெட்டாது, முனையை மடித்துக் கட்டி மறுபடியும் பார்ப்பதே நன்று. நீண்ட சோடியை முடித்த பின்பே குறுஞ்சோடியைத் தொடுக. வீட்டு மின்னிணைப்புக்கு உதவும் உறையிட்ட கம்பியாயின் நீளம் இன்னுஞ் சிறிது குறையும். அதனையும் மானியே சொல்லும்.

நடுவிடத்தைப் பத்து மீற்றர் உயரத்தில் ஏற்றி, முனைகளைச் சரித்துக் கட்டினால் ஒரே கம்பம் போதும். இரு கைகளுக்கிடையே கோணம் 90 பாகைக்குக் குறையலாகாது. தென்னையிற் கட்டுவோர் கயிற்றைக் கப்பியில் ஓடவிட்டு மறுமுனையிற் பாரம் தொங்கவிடுக. மரம் ஆடினாலும் கம்பி அறாது. ஒலிபரப்பும்போது முனைகளில் அழுத்தம் மிகும், தொட்டாற் சுடும். ஆதலால் அவை சிறுவர் கைக்கு எட்டாத உயரத்தில் இருத்தல் வேண்டும்.

மின்சாரக் கம்பிக்கு அருகே ஏரியலை எறிவதும் இழுப்பதும் உயிரோடு விளையாடுவதாகும். அறுந்து விழுந்தாலும் அதனைத் தொடாத இடத்தையே தெரிந்தெடுக்க வேண்டும். சித்திரை, ஐப்பசி மாதங்களின் மாலை இடிமழை நாம் அறிந்ததே. வானம் கறுக்குமுன் கேபிளைக் கருவியினின்று கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடுக. இடி தொடங்கியபின் அதனருகே செல்லற்க.

ஒலிபரப்புவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்குப் பரீட்சையும் உண்டு. அதற்குப் படிக்கும் மாதங்களில் ஏரியல் சும்மா தொங்க வேண்டியதில்லை. ஒற்றைப் பக்கப்பட்டை ஒலியைக் கேட்கவல்ல சிற்றலை வாங்கி ஒன்றை அதனுடன் இணைத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 7.0க்கும் 7.2க்கும் இடையே மெல்லத் திருப்பிப் பாருங்கள். அயல்நாட்டு அன்பர்களின் உரையாடல் காதில் விழும்.