ஊர் வாய்க்குப் பூட்டா?

2023 டிசம்பர் 26 நள்ளிரவை எண்ணூர் பெரியகுப்பத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி எழுந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது? வண்டி எங்கே கிடைக்கும்? அந்த நேரத்தில் ஒரு சேதி என்பது ஓர் உயிர்! ஆலைகளுக்கு நடுவே வாழும் வடசென்னை மக்களுக்குக் கைப்பேசிதான் அபாயச் சங்கு.

அந்தச் சங்கை ஆள்வோரே ஊமையாக்கினால்? நடக்காது என்பீர்களா? நடந்திருக்கிறதே!

2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலையை மூடக் கோரித் தூத்துக்குடி மக்கள் போராடிய நூறாவது நாள். துப்பாக்கி பேசியது, 13 உயிர்கள் பலியாயின. மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி என மூன்று மாவட்டங்களில் ஐந்து நாட்களுக்கு இணையத்தை நிறுத்த ஆணை பிறந்தது. குண்டடி பட்டவனுக்கும் பூட்டு. அவனைத் தேடிய தாய்க்கும் பூட்டு!

வதந்தியைத் தடுக்கவாம்! வதந்தி இருட்டில் வளர்வது. விளக்கை அணைத்தா அதை ஒழிப்பது?

காலவரையின்றி இணையத்தை முடக்கக் கூடாது, முடக்கும் ஆணையை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று காஷ்மீர் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டில் இருந்தால் போதுமா? கேட்க நாவு வேண்டாமா?

பூட்டைக் கண்டு மிரண்டவர்களா நாம்? நெருக்கடி நிலைக் காலம். சிறைப்பட்டோர் பெயரை அச்சிடத் தணிக்கை தடுத்தது. 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதோர் என்று முரசொலியில் ஒரு பட்டியல் வெளியிட்டார் கலைஞர். மிசாவில் அடைபட்டோர் யார் யார் என்று நாட்டுக்குத் தெரிந்தது!

தோழர்களே! இராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒவ்வொரு படிப்பகமும் சேதிச் சாவடி ஆகட்டும். அக்கம்பக்கத்தார் எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். இணையத்தை மட்டும் நிறுத்தினால் பேச்சு அழைப்பு இயங்கும். புளூடூத் வழியே பக்கத்துக் கைப்பேசிக்குச் சேதி அனுப்பும் பிரையர் போன்ற செயலிகளை இளைஞர்கள் இன்றே பழகட்டும். இடையில் ஒட்டுக் கேட்பவனுக்கு அதில் எழுதியது புரியாது. ஆனால் ஒன்று: உறுதி செய்யாத சேதி எதையும் பரப்பாதீர்கள். பூட்டுவோருக்கு நாமே சாவி செய்து கொடுக்கக் கூடாது.

ஆள்வோர் எவராயினும், நம்மவரே ஆயினும், கேட்போம்: ஆணை எங்கே? காரணம் என்ன? பூட்டுத் திறப்பது எப்போது?