சீருடையின்றி மாண்டவர்க்குச் சிறப்பில்லையா?

சயாம் நாட்டுக் காஞ்சனபுரியில் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் உண்டு. ஏறத்தாழ 7,000 நேசநாட்டுப் போர்க் கைதிகள் அங்கே உறங்குகின்றனர். புல் சீராக வெட்டப்பட்டிருக்கும். கல்தோறும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அதே இருப்புப் பாதையில் மண் சுமந்து, அதே வாந்திபேதியில் மாண்ட தமிழனுக்கு அத்தோட்டத்தில் ஒரு கல்லும் இல்லை. ஏன் என்று வினவினால், "அவர்கள் படைவீரர் அல்லர், கூலிகள்" என்னும் விடை வருகிறது. இவ்விடை அறத்தின்முன் நிற்குமா என்று ஆராய்வோம்.

பான்போங் முதல் தான்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை, 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க் கைதிகள் 60,000 பேர் அளவில் உழைத்தனர். அவருள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ 180,000 பேருக்கும் மேற்பட்டவர். அவருள் ஏறத்தாழ 90,000 பேர் மடிந்தனர் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து சென்றோருள் பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்.

"கூலி பெற்றுச் சென்றவர்தாமே" என்பது முதல் வாதம். நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாத வேலை என்று ஆசை காட்டியது உண்மை. ஆள் போதாதபோது, இலவசப் படக்காட்சி என்று அழைத்துக் கதவை அடைத்துச் சரக்கு வண்டியில் ஏற்றியதும் உண்மை. மூன்று மாதம் முடிந்தபின் எவரையும் வீட்டுக்கு விட்டாரில்லை. கூலி பெற்றதுதான் குற்றமென்றால், போர்க் கைதிகளுக்கும் ஜப்பானியர் சிறு கூலி கொடுத்தனரே! அதனால் அவர்தம் பெருமை குறைந்ததா?

"பகைவனுக்குப் பாதை போட்டவர்கள்" என்பது இரண்டாம் வாதம். கைதிகளும் அதே பகைவனுக்கு அதே பாதையைத்தான் போட்டனர். அவர்களை நாம் போற்றுவது பாதை போட்டதற்காக அன்று. வன்முறையின்கீழ் வதைபட்டு மாண்டதற்காக. அந்த அளவுகோல் வெள்ளையனுக்கு ஒன்று, தமிழனுக்கு வேறொன்று ஆகலாமோ?

"எல்லாரையும் வீரர் என்றால் வீரர் என்னும் சொல் மலிந்துவிடும்" என்பது மூன்றாம் வாதம். இதில் நியாயம் உண்டு. படைக்கலம் ஏந்தாதவரைப் படைவீரர் என்று அழைக்க நான் கோரவில்லை. ஆனால் போர் கொன்றவரைப் போரில் மாண்டவர் என்று எழுத என்ன தடை? அமெரிக்கா 1977-இல் இயற்றிய சட்டம், போரில் பணியாற்றிய குடிமக்கள் குழுக்களையும் முன்னாள் வீரராக ஏற்க வழி வகுத்தது. 1988-இல் வணிகக் கப்பல் மாலுமிகள் அத்தகுதி பெற்றனர். 2000-ஆம் ஆண்டில் பிரிட்டன், ஜப்பானியர் சிறைவைத்த தன் படைவீரருக்கு மட்டுமன்றிக் குடிமக்களுக்கும் ஆளுக்கு 10,000 பவுன் வழங்க முன்வந்தது. நம் தோட்டத் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. 1967-இல் மலேசியாவுக்கு ஜப்பான் இரண்டரைக் கோடி வெள்ளி பெறுமானமுள்ள உதவி தர உடன்பட்டது. போர்க்காலக் கோரிக்கைகள் அனைத்தும் தீர்ந்தன என்று கையொப்பமாயிற்று. கணவனை இழந்த தோட்டத்துப் பெண்ணின் கைக்கு அதனால் என்ன வந்தது?

உண்மையான வேறுபாடு ஒன்றுதான். கைதிகளுக்குத் தம் அதிகாரிகளும் மருத்துவரும் உடனிருந்தனர். இறந்தவர் பெயரையும் புதைத்த இடத்தையும் குறித்து வைத்தனர். தமிழனுக்குக் கணக்கெழுத ஆளில்லை. சீருடை தந்தது வீரத்தை அன்று, பெயர்ப் பட்டியலை! பட்டியல் இல்லாமையை இழிவாகக் கருதிவிட்டது உலகம். நாமும் அதற்கு உடன்பட்டு வாளாவிருந்தோம்.

எடுத்தனூரில் தன் தலைவனைக் காத்த நாய்க்கும், அரசலாபுரத்தில் போரிட்டு மாண்ட கோழிக்கும் கல் நட்ட இனம் நம் இனம். அவ்வினம் தன் மக்கள் பல்லாயிரவர்க்குக் கல் நட 2023 வரை காத்திருந்தது. அவ்வாண்டு மலேசியத் தமிழர் முயற்சியால் காஞ்சனபுரிப் புத்த ஆலயமொன்றில் நடுகல் எழுந்தது, நெஞ்சாரப் போற்றுவோம். ஆயினும், நடுகல்லின் மரபு பெயரும் பீடும் எழுதுவதன்றோ? பெயர்கள் எங்கே?

இவ்விடத்தில்தான் ஆசிரியராகிய நமக்குக் கடமை பிறக்கிறது. சயாமுக்குச் சென்று மீண்டவர் இன்று அரியர். அவர் மக்களும் முதுமை எய்திவிட்டனர். கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பிரிக்பீல்ட்ஸ் வழியே நாள்தோறும் இரயில் ஏறும் நம் மாணவருள் எத்தனை பேர், தம் கொள்ளுத்தாத்தா ஒருவர் இதே இருப்புப் பாதையில் வடக்கே சென்று மீளாததை அறிவர்? ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் ஒரு குறிப்பேடு திறக்கட்டும். பெயர், தோட்டம், சென்ற ஆண்டு, மீண்டாரா இல்லையா என்னும் நான்கே செய்திகளை மாணவர் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வரட்டும். அவ்வேடுகளை ஒன்றுசேர்த்து அரசின்முன் வைத்து, போரில் மாண்டோர் வரிசையில் இவர்க்கும் இடம் கேட்போம்.

கல்லில் எழுதப் பணம் வேண்டும். ஏட்டில் எழுத மனம் போதும். அதுவும் நம்மிடம் இல்லையென்றால், "வெறும் கூலிகள்" என்று பிறர் சொல்லும்போது சினம் கொள்ள நமக்கு உரிமை இல்லை.