ஆடே ஏறாத நேரத்துல நாங்க!

இந்த வாரம் கொஞ்சம் வெயில் கதை. படிக்கறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு வந்துடுங்க. ஜோக் இல்ல, ஏன்னு கடைசியில புரியும்.

ஜெய்சல்மேர் பாலைவனத்துல டென்ட் போட்டுத் தங்கணும்ங்கறது எங்க நாலு பேரோட ரொம்ப நாள் கனவு. ரயில் டிக்கெட்டும் கிடைக்கல, பர்ஸும் ஒத்துவரல. 'அம்புட்டுத் தூரம் எதுக்குடா? சித்திரை மாசம் எங்க ஊருக்கு வா, அதுவும் பாலைவனந்தேன்'னான் சிவில் டிபார்ட்மென்ட் பங்காளி. அவன் ஊரு மேலூர் பக்கத்துல இருக்கற திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். குறிஞ்சி பாடின கபிலரும் அங்கேதான் பிறந்தார்னு சொல்லுவாங்க. ப்ளான் ரொம்ப சிம்பிள். பகல்ல ஓவாமலை ஏறி குகைக் கல்வெட்டைப் பார்க்கறது, ராத்திரி பங்காளியோட மாமா தோப்புல டென்ட்!

காலையில ஆறு மணிக்குக் கிளம்பறதா பேச்சு. தூக்கம், குளியல், புரோட்டா எல்லாம் முடிஞ்சு மலையடிவாரத்துக்குப் போனப்ப மணி பதினொண்ணரை. நாலு பேருக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, ஒரு கோலா. 'சின்ன மலைதானே'னு தெம்பா சொன்னது சாட்சாத் நான்தான்.

வெறும் பாறை, பாஸ்! மரம் கிடையாது. மேலே இருந்து சூரியன் அடிக்குது, கீழே இருந்து பாறை அடிக்குது. முக்கால் மணி நேரத்துல பாட்டில் ரெண்டும் காலி. கோத்தகிரியில இருந்து முந்தின நாள்தான் இறங்கி வந்த மெக்கானிக்கல் நண்பன், வாய் ஓயாம பேசறவன், திடீர்னு பேச்சை நிறுத்திட்டான். கொஞ்ச நேரம் கழிச்சு, 'பஸ் எப்போ வரும்?'னு கேட்டான். மலை மேல! நாங்க சிரிச்சோம். அந்தச் சிரிப்பை நினைச்சா இப்பவும் எனக்குத் தூக்கம் வராது. அடுத்த நிமிஷம் அவன் பாறையில சரிஞ்சுட்டான்.

கீழே ஆடு மேய்ச்சுட்டிருந்த அய்யா ஒருத்தர் ஓடி வந்தார். 'உச்சி வெயில்ல ஆடே ஏறாது, நீங்க ஏறியிருக்கீகளேப்பா!'னு திட்டிக்கிட்டே அவனைக் குகை நிழலுக்குத் தூக்க வெச்சார். தன் துண்டை நனைச்சு கழுத்துலயும் அக்குள்லயும் வெச்சார். அவன் நல்லா கண் முழிச்சுப் பேசின பிறகுதான் தூக்குவாளியில இருந்த நீராகாரத்தை மடக்கு மடக்கா குடிக்கக் கொடுத்தார்.

அப்போதான் அந்தக் குகையையே நிமிர்ந்து பார்த்தோம். சமணத் துறவிகள் தங்கின இடம். ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தின தமிழி எழுத்து. பாறைக்கு அடியில படுக்கை, மழைத்தண்ணி உள்ளே வழியாம நெத்தியில ஒரு காடி. வெயிலையும் மழையையும் யோசிச்சு இடம் பிடிச்சிருக்காங்க. டென்ட்டை முதுகுல சுமந்த நாங்க தண்ணியைக்கூட யோசிக்கல.

மேலூர்ல டாக்டர் குளுக்கோஸ் ஏத்தினார். '108-க்கு ஏன் போன் பண்ணல?'னு அவர் கேட்டதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல. நண்பனோட அம்மாவுக்குப் போன் போட்டது நான். அவங்க திட்டவே இல்ல. 'சாப்பிட்டீங்களாப்பா?'னு கேட்டாங்க. அதுக்கு நாலு அடி அடிச்சிருக்கலாம்!

முல்லையும் குறிஞ்சியும் காய்ஞ்சு போனா அதுதான் பாலைனு சிலப்பதிகாரம் சொல்லுது. ப்ளஸ் டூவுல மார்க்குக்காகப் படிச்சது அன்னிக்குத்தான் புரிஞ்சது. பாலைக்கு ரயில் ஏறிப் போகவேண்டியதில்ல. தப்பான நேரத்துல, தண்ணியில்லாம போனா நம்ம ஊர்ப் பாறையே பாலைதான். இன்னும் சொல்லப்போனா, மணல் மேலாகத்தான் சுடும், ராத்திரி சீக்கிரம் ஆறிடும். பாறை உள்ளே வரைக்கும் சூட்டை வாங்கி வெச்சுக்கும். பொழுது சாய்ஞ்சும் தோசைக்கல்லு மாதிரி இருக்கும்.

ஸோ, லீவுக்குக் கிளம்பற மக்களே... விடியும்போது ஏறுங்க, பத்து மணிக்குள்ள இறங்கிடுங்க. வெயில்ல நடந்தா ஆளுக்கு மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணி வேணும். கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. உப்பு, சர்க்கரை கையில இருக்கட்டும். குளிர் ஊர்ல இருந்து வந்தவங்களுக்கு உடம்பு வெயிலுக்குப் பழக ஒண்ணு, ரெண்டு வாரம் ஆகும். கூட வர்றவன் சம்பந்தமில்லாம உளறினா சிரிக்காதீங்க. உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டற ஹீட் ஸ்ட்ரோக்கோட அறிகுறி அது. உடனே 108, கூடவே நிழல், ஈரத்துணி. மயக்கத்துல இருக்கறவன் வாயில தண்ணி ஊத்தாதீங்க. முக்கியமா, குகைச் சுவர்ல உங்க ஆளு பேரைக் கிறுக்காதீங்க!

எங்க டென்ட் இன்னும் பிரிக்காமத்தான் கிடக்கு. மார்கழியில மறுபடி போறோம். மெக்கானிக்கலும் வர்றானாம். அவங்க அம்மாகிட்ட பர்மிஷன் வாங்கற வேலை மட்டும் என் தலையில. வேண்டிக்கோங்க பாஸ்!